வானம் தொடங்கி அடுப்பு வரை: ஒரு பிப்ரவரிப் பயணம்

சனி, காவலூர்

மனிதன் எதற்காக இங்கே வந்தான், வந்தவன் எப்படிச் சேர்ந்து வாழ வேண்டும் என்ற இரண்டு கேள்விக்கும் விடை கிடைத்துவிட்டதாக நம்பிய சிலர் தமிழ் மண்ணில் இருந்திருக்கிறார்கள். எழுதியதோடு நிற்காமல் நிலத்தில் இறங்கி ஊர் கட்டினார்கள், சபை கட்டினார்கள், பதி என்கிற வழிபாட்டிடம் கட்டினார்கள். அந்த இடங்களைப் போய்ப் பார்ப்பது, பார்த்ததை அன்றன்றே எழுதுவது என்பதுதான் திட்டம். வீட்டில் யாருக்கும் இது பயணமாகவே தோன்றவில்லை. "கோயிலா, டூரா, தெளிவா சொல்லு" என்றார்கள். சொல்லத் தெரியாமல் கிளம்பிவிட்டேன்.

முதலில் வானத்தைப் பார்த்துவிடலாம் என்று ஜவ்வாது மலை ஏறினேன். ஆலங்காயத்திலிருந்து காட்டு வழியில் வளைந்து வளைந்து போனால் காவலூர் வைணு பாப்பு வானாய்வகம். சனிக்கிழமைகளில் பொதுமக்களை உள்ளே விடுகிறார்கள். கொடைக்கானல் பட்டறையில் தயாரான 38 செ.மீ. தொலைநோக்கி ஒன்றை இங்கே கொண்டுவந்து வைத்து வேலையைத் தொடங்கிய ஆண்டு 1968. அதே ஆண்டில்தான் பாண்டிச்சேரி பக்கத்து இலட்சிய ஊரான ஆரோவில்லும் தொடங்கியது. அங்கே நாளை மறுநாள் போகிறேன்.

1972-இல் ஜெர்மனியின் யேனா நகரத்து ஜைஸ் நிறுவனம் செய்த 1 மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1977 மார்ச்சில் ஓர் இரவு, யுரேனஸ் ஒரு விண்மீனை மறைக்கப் போவதைப் பார்க்க உலகத்தின் பல பக்கங்களில் ஆட்கள் காத்திருந்தார்கள். கோள் குறுக்கே வருவதற்கு முன்பே விண்மீனின் ஒளி சில நொடி மங்கி மீண்டது. யுரேனஸைச் சுற்றி வளையம் இருப்பது அப்படித்தான் தெரியவந்தது. அந்த மங்கலைப் பதிவு செய்தவர்களில் காவலூர்க்காரர்களும் உண்டு. பெரிய தொலைநோக்கியின் கண்ணாடி 2.34 மீட்டர். இந்தியாவிலேயே வடிவமைத்துச் செய்தது. 1986 ஜனவரியில் ராஜீவ் காந்தி திறந்துவைத்தார். அதற்காகவே உழைத்த வானியலாளர் வைணு பாப்பு 1982-இலேயே போய்விட்டார்.

இருட்டியதும் சின்னத் தொலைநோக்கியில் வரிசையாகக் காட்டினார்கள். மிருகசீரிடத்துப் பக்கத்து ஒளிமேகம் ஒரு சாம்பல் கறையாகத் தெரிந்தது. ஏறத்தாழ 1,300 ஒளியாண்டுத் தொலைவு. பல்லவர் மாமல்லபுரத்தில் பாறை குடைந்துகொண்டிருந்த நாட்களில் கிளம்பிய வெளிச்சம் இன்றைக்கு என் கண்ணில் வந்து விழுகிறது. தெற்கே தாழ்வாக அகத்திய விண்மீன், 310 ஒளியாண்டு. இந்த வாரம் நான் பார்க்கப் போகும் மனிதர்கள் யாரும் பிறப்பதற்கு முன்பே புறப்பட்ட ஒளி அது.

எனக்கு முன்னால் நின்ற சிறுமி, "அங்க யாராச்சும் இருக்காங்களா அங்கிள்?" என்று கேட்டாள். விளக்கம் சொன்ன இளைஞர் மிகவும் நேர்மையாக, "இதுவரைக்கும் தெரியலம்மா" என்றார். நான் என் பங்குக்கு, "இத்தனை பெரிசுல நாம எதுக்கு சார்?" என்றேன். "அது எங்க டிபார்ட்மென்ட் இல்ல சார்" என்று சிரித்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

சரியான பதில். வானம் அளவைச் சொல்கிறது, வயதைச் சொல்கிறது. நோக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. அந்த மௌனத்தைப் பொறுக்க முடியாதவர்கள்தான் கீழே இறங்கி ஏதாவது கட்டத் தொடங்குகிறார்கள் போலும்.

ஞாயிறு, இரும்பை

பஸ் மாறி மாறித் திருவண்ணாமலை வழியாகப் பாண்டி வந்து சேரவே பகல் போய்விட்டது. வெயில் சாயும் நேரத்தில் இரும்பை மாகாளேசுவரர் கோயிலுக்கு மட்டும் போனேன். ஆரோவில்லுக்குள் நுழைவதற்கு முன் இந்தக் கதையைக் கேட்டுவிட வேண்டும்.

கடுவெளிச் சித்தர் இங்கே தவம் இருந்தார். அவர் தவத்தின் வெம்மையில் நாடு வறண்டது. அரசன் வள்ளி என்ற நடனப்பெண்ணை அனுப்பித் தவத்தைக் கலைத்தான், மழையும் பெய்தது. பிறகு கோயிலில் அவள் ஆடும்போது கழன்று விழுந்த சலங்கையைச் சித்தர் எடுத்துக் கட்டிவிட, ஊர் சிரித்தது. கோபத்தில் அவர் பாட, லிங்கம் வெடித்தது. இந்த மண் பாழாகட்டும் என்ற சாபமும் விழுந்தது. பின்னாளில் தூர தேசத்தவர் வந்து இதை மறுபடி பச்சையாக்குவார்கள் என்று கதை முடிகிறது. இந்த வால் 1968-க்குப் பிறகு முளைத்ததாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் ஊகம். உடைந்த லிங்கத்தைச் செப்புத் தகடு கட்டி நிறுத்தியிருக்கிறார்கள் என்று அர்ச்சகர் காட்டினார்.

திங்கள், ஆரோவில்

1968 பிப்ரவரி 28. செம்மண் பொட்டலில் ஒற்றை ஆலமரம். சுமார் 5,000 பேர் கூடியிருந்தார்கள். 124 நாடுகளிலிருந்தும் இந்திய மாநிலங்களிலிருந்தும் வந்த பிடி மண்ணை இளைஞர்கள் தாமரை மொட்டு வடிவத் தாழியில் போட்டார்கள். ஆரோவில்லை நிறுவிய ஸ்ரீ அன்னைக்கு அப்போதுதான் 90 முடிந்திருந்தது. பாண்டிச்சேரி ஆசிரமத்தில் தன் அறையில் இருந்தபடியே பிரெஞ்சில் சாசனத்தை வாசித்தார். அந்தக் குரல் வானொலி வழியாக இங்கே வந்தது. ஆரோவில் யாருக்கும் தனிச் சொந்தமல்ல, மனிதகுலம் முழுமைக்கும் உரியது என்று தொடங்குகிறது அந்தச் சாசனம்.

இதற்குப் பின்னால் இருப்பது அரவிந்தரின் எண்ணம். பரிணாமம் மனிதனோடு முடிந்துவிடவில்லை, மனிதன் ஓர் இடைநிலை, அவனைத் தாண்டிய ஓர் உணர்வுநிலை இந்தப் பூமியிலேயே இறங்க வேண்டும். அதுவே நோக்கம் என்றால் அதற்கு ஒரு சோதனைக்கூடம் வேண்டுமல்லவா, அதுதான் ஆரோவில். பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் ரோஜர் ஆங்ஷே வரைந்த திட்டம் ஒரு சுருள் விண்மீன் திரளின் வடிவில் இருந்தது. 50,000 பேருக்கான நகரம். இப்போது இருப்பவர்கள் மூவாயிரத்துச் சொச்சம்.

பார்வையாளர் மையத்திலிருந்து மரநிழலில் நடந்து போனால் காட்சி முனையிலிருந்து மாத்ரி மந்திர் தெரியும். தங்கத் தகடு பதித்த பெரிய கோளம். 1971-இல் அடிக்கல், 2008-இல்தான் வேலை முழுமையாக முடிந்தது. உள்ளறைக்குப் போக முன்பே பதிவு செய்துகொள்ள வேண்டும், நான் செய்திருந்தேன். வெள்ளைக் காலுறை கொடுக்கிறார்கள். சுருளாக ஏறும் சாய்வுப் பாதையில் ஒருவர் பின் ஒருவராக நடக்கிறோம். உள்ளே வெண்பளிங்கு, 12 தூண்கள். நடுவில் 70 செ.மீ. விட்டமுள்ள கண்ணாடிக் கோளம். கூரையில் உள்ள ஆடியொன்று சூரியனைப் பின்தொடர்ந்து ஒற்றை ஒளிக்கற்றையை அதன்மேல் இறக்குகிறது. அந்தக் கோளத்தைச் செய்ததும் ஜைஸ்தான். முந்தாநாள் மலையில் பார்த்ததிலும் இதே பெயர்தான் என்ற எண்ணம் வந்தபிறகு தியானம் எனக்குக் கூடிவரவில்லை. ஒரே பெயர், இரண்டு கண்ணாடி. ஒன்று எங்கிருந்தோ வரும் ஒளியைப் பிடித்து அளக்கிறது. இன்னொன்றுக்கு எந்த வேலையும் கிடையாது, ஒளி அதன்மேல் விழுந்தாலே போதும்.

யாரோ ஒருவர் இருமலை அடக்க முடியாமல் திணறினார். அறையில் இருந்த அத்தனை பேரும் அவருக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டோம். ஒன்றுபட்ட மனித உணர்வு என்றால் இதுவும்தானோ என்னவோ.

வெளியே சாப்பாட்டுக்குப் போன இடத்தில் காசு வாங்கவில்லை. ஊருக்குள் பணம் புழங்கக் கூடாது என்பது அன்னையின் விருப்பம். இப்போது அதற்கென்று ஒரு கார்டு இருக்கிறது, அதில் முதலில் பணம் போட வேண்டும். குறையாகச் சொல்லவில்லை. இலட்சியம் நடைமுறைக்குள் இறங்கும்போது எங்கே மடங்குகிறது என்று பார்ப்பதுதான் எனக்கு இந்தப் பயணத்தில் பெரிய சுவாரசியம்.

செவ்வாய், ஆரோவில் காடும் குயிலாப்பாளையமும்

இன்று சைக்கிள். மாத்ரி மந்திர் பக்கம் போகவே இல்லை. காடு பார்த்தேன்.

முதலில் வந்தவர்கள் இங்கே கண்டது மரமில்லாத மேட்டு நிலம். மழை பெய்தால் மேல்மண் ஓடைகளில் அடித்துக்கொண்டு போய்க் கடல் சிவக்கும். தங்க நிழல் இல்லை, குடிக்கத் தண்ணீர் இல்லை. மனிதனைத் தாண்டிய மனிதனை உருவாக்க வந்தவர்கள் மண்வெட்டியை எடுத்துக் கரை போட்டார்கள். வயலுக்கு வயல் மண்கரை கட்டி மழைநீரை அங்கங்கே நிறுத்தினார்கள். வறட்சியைத் தாங்கி வேகமாக வளரும் ஆஸ்திரேலிய அக்கேசியாவை முதலில் நட்டார்கள். அதன் நிழலில் மண் கொஞ்சம் உயிர் பெற்றதும் இந்த மண்ணின் மரங்களைத் தேடினார்கள். சோழமண்டலக் கரையோரத்துக்கே உரிய உலர் பசுமைமாறாக் காடு எங்கே எஞ்சியிருந்தது? ஐயனார் கோயில் காடுகளில். சாமிக்குப் பயந்து யாரும் கோடரி வைக்காத துண்டு துண்டு நிலங்கள் அவை. எதிர்கால நகரத்துக்கான விதை அங்கிருந்து வந்தது. கருங்காலி, பாலை, காயா, நாவல் எல்லாம் இன்று லட்சக்கணக்கில் நிற்கின்றன. எனக்கு இது மாத்ரி மந்திரைவிடப் பெரிய விஷயம். சொன்னால் கோபித்துக்கொள்பவர்கள் இருப்பார்கள், பரவாயில்லை.

ஆனால் அந்தக் காடு வளர்ந்த இடத்தில்தான் சிக்கலும் வளர்ந்திருக்கிறது. 1960களின் வரைபடத்தில் நகரத்தைச் சுற்றி ஒரு வட்டச் சாலை உண்டு. தாளில் சாலை ஓடிய இடத்தில் ஐம்பது ஆண்டுகளில் மண்ணில் மரம் வந்துவிட்டது. 2021 டிசம்பரில் ஜேசிபி வந்து மரங்களைச் சாய்த்தது. குடியிருப்போரில் ஒரு பகுதியினர் குறுக்கே நின்றார்கள். பசுமைத் தீர்ப்பாயம், உச்ச நீதிமன்றம் என்று வழக்கு போனது. சாலை வேலையைக் கட்டுப்படுத்திய தீர்ப்பாயத்தின் உத்தரவை 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. சாலை கேட்பவர்களிடமும் நியாயம் இருக்கிறது. அன்னை கேட்டது 50,000 பேரின் நகரம். மூவாயிரம் பேர் ஒரு நல்ல காட்டுக்குள் வசதியாக இருந்துகொண்டு அதையே மனிதகுலத்தின் எதிர்காலம் என்று சொல்ல முடியுமா? மறுபக்கத்தில், நகரமே இல்லாத நாளில் போட்ட கோட்டுக்காக, வளர்ந்து நிற்பதை வெட்டுவது என்ன விவேகம்?

யாருக்கும் சொந்தமில்லாத ஊருக்கு யார் பொறுப்பு என்ற தகராறு புதிதல்ல. 1973-இல் அன்னை மறைந்த உடனேயே தொடங்கிவிட்டது. 1980-இல் மத்திய அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து நிர்வாகத்தை எடுத்துக்கொண்டது. அரவிந்தரின் போதனை மதமா இல்லையா என்று உச்ச நீதிமன்றம் 1982-இல் முடிவு செய்ய வேண்டியிருந்தது, மதமல்ல என்றது. 1988-இல் ஆரோவில் அறக்கட்டளைச் சட்டம் வந்தது.

குயிலாப்பாளையத்தில் டீ குடிக்கும்போது பக்கத்தில் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். உள்ளே ஒரு விருந்தினர் இல்லத்தில் சமையல் வேலையாம். சுற்றுக் கிராமங்களிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் தினமும் உள்ளே வேலைக்குப் போகிறார்கள். "எங்க மாமியா கரை போட மண்ணு சுமந்தாங்க. நான் சமையல். என் பொண்ணு உள்ள ஸ்கூல்ல டீச்சர்" என்றார். முப்பது விநாடியில் மூன்று தலைமுறை வரலாறு. ஊர் யாருக்கும் சொந்தமில்லை என்கிறார்களே என்று கேட்டேன்.

"அதுல எங்க மாமனார் வித்த நெலமும் இருக்கு தம்பி. வித்தப்ப பேரு போட்டுத்தான் எழுதி வாங்குனாங்க" என்றார். கிண்டலாகச் சொன்ன மாதிரி தெரியவில்லை, தகவலாகத்தான் சொன்னார். பிறகு டீக்கு நான் காசு கொடுக்கப் போனபோது விடவே இல்லை.

புதன், வடலூர்

பாண்டியிலிருந்து கும்பகோணம் போகும் பஸ்ஸில் ஏறினால் கடலூர், குறிஞ்சிப்பாடி தாண்டி வடலூர். தைப்பூசக் கூட்டம் முடிந்து ஊர் ஓய்ந்திருந்தது.

தருமச்சாலைக்குள் நுழைந்ததும் ஒரு பெரியவர் கேட்டது: "சாப்பிட்டீங்களா ஐயா?" பெயர், ஊர், வந்த காரணம் எதையும் கேட்கவில்லை. உட்காரவைத்து இலை போட்டார்கள். சோறு, சாம்பார், ஒரு பொரியல். எதிர் வரிசையில் நெய்வேலிப் பக்கம் கட்டட வேலைக்கு வந்த வடக்கத்திப் பையன்கள், அவர்கள் பக்கத்தில் கைத்தடியோடு ஒரு பாட்டி, அப்புறம் கார் சாவியை இலைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒருவர்.

சாப்பிட்ட பிறகு அடுப்பைப் பார்த்தேன். 1866-இல் சென்னை மாகாணத்தைப் பஞ்சம் பிடித்து ஆட்டியது. 1867 மே 23 அன்று இராமலிங்க அடிகள் இந்த அடுப்பை மூட்டினார். அதற்கு நிலம் கொடுத்தவர்கள் பார்வதிபுரத்து மக்கள், 80 காணி, இன்றைய கணக்கில் ஏறத்தாழ 106 ஏக்கர். அன்று மூட்டியது இன்றுவரை அணையவில்லை என்பது இங்குள்ளவர்களின் பெருமை. நான் பார்த்தபோது பெரிய கொப்பரையில் மாலைக்கு உலை கொதித்துக்கொண்டிருந்தது. விறகு தள்ளுபவரின் முகமெல்லாம் வியர்வை. பக்கத்தில் நாலைந்து பெண்கள் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மதுரையிலிருந்து வந்து சில வாரம் தங்கி வேலை செய்துவிட்டுப் போவாராம். "இங்க வந்தா முட்டி வலி தெரியறதில்ல" என்றார்.

வள்ளலாரின் கனவு சின்னதல்ல. சாதி இல்லை, சமயம் இல்லை, எல்லா உயிரும் ஒன்று என்பதோடு நிற்கவில்லை அவர். கருணை முற்றினால் மனிதன் சாகாமலே இருக்கலாம், உடம்பே ஒளியாகலாம் என்றார். மனிதப் பிறப்பின் நோக்கம் அதுதான் என்றார். அரவிந்தர் பிறந்த 1872-ஆம் ஆண்டு ஜனவரியில் சத்திய ஞானசபை திறக்கப்பட்டுவிட்டது. இருவரும் ஒரே திசையில்தான் பேசினார்கள், உடம்போடு இந்த மண்ணிலேயே மனிதன் வேறொன்றாவது பற்றி. ஆனால் வள்ளலார் செய்த காரியங்களின் வரிசையைப் பாருங்கள். 1867-இல் அடுப்பு, 1872-இல்தான் சபை. பசி கொளுந்துவிட்டு எரியும்போது ஞானம் பேசுவது வேலைக்காகாது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. சீவகாருண்யம் பற்றி எழுதும்போது பசியைப் பற்றி அவர் எழுதுவதெல்லாம் ஒரு வைத்தியர் நோயை விவரிக்கும் துல்லியம். கண் பஞ்சடைவதிலிருந்து கால் தளர்வது வரை ஒன்றுவிடாமல் வருகிறது.

மாலை ஞானசபைக்குப் போனேன். எண்கோணக் கட்டடம். வாசலில், புலை கொலை தவிர்த்தவர்கள் மட்டும் உள்ளே புகலாம் என்று எழுதியிருக்கிறது. நான் மீன் தின்கிறவன். யாரும் சோதிக்கப் போவதில்லைதான், ஆனாலும் வெளியிலேயே நின்றுகொண்டேன். உள்ளே ஓர் ஆளுயரக் கண்ணாடி, அதற்குப் பின்னால் விளக்கு, முன்னால் ஏழு நிறத் திரைகள். கறுப்பில் தொடங்கி ஒவ்வொன்றும் நம் அறியாமையின் ஒரு படலம். ஏழு திரைகளையும் விலக்கி ஜோதி காட்டுவது தைப்பூசத்தன்றுதான்.

சபைக்கு நிபந்தனை உண்டு, சாலைக்கு நிபந்தனை இல்லை. பசித்தவன் எந்தத் தேசம், எந்தச் சமயம், எந்தச் சாதி, எப்படிப்பட்ட நடத்தை உள்ளவன் என்றெல்லாம் விசாரிக்காமல் சோறு போடச் சொன்ன அதே மனிதர், ஒளியைப் பார்க்க மட்டும் ஒரு தகுதி வைத்தார். இலட்சிய சமுதாயம் பற்றி நான் படித்த எந்த வரைவிலும் இப்படி இரண்டு வாசல் பார்த்ததில்லை. பெரும்பாலும் எல்லோருக்கும் ஒரே வாசல் என்பார்கள், பிறகு அதில் ஒரு காவலாளியை நிறுத்துவார்கள்.

கடைசிக் காலத்தில் அவர் மனம் கசந்து, கடை விரித்தோம், கொள்வாரில்லை, கட்டிவிட்டோம் என்று சொன்னதாகச் சொல்வார்கள். சாகாக் கலையைக் கொள்வார் இல்லாமல் போயிருக்கலாம். அடுப்பின் முன் இன்று இரவும் வரிசை நீளமாக இருந்தது.

சபையைச் சுற்றி வெட்டவெளி. பெருவெளி என்பார்கள். பூசத்தன்று லட்சக்கணக்கானவர்கள் நின்று ஜோதி பார்ப்பது அங்கேதான். அதில் ஏறத்தாழ 100 கோடி ரூபாயில் வள்ளலார் சர்வதேச மையம் கட்ட 2024 பிப்ரவரியில் அரசு அடிக்கல் நாட்டியது. குழி தோண்டியபோது பார்வதிபுரத்துக்காரர்கள் வந்து மறித்தார்கள். எங்கள் பாட்டன் பூட்டன் வெளியாக இருக்கட்டும் என்றுதானே கொடுத்தார்கள் என்பது அவர்கள் கேள்வி. வழக்கு உயர் நீதிமன்றம் போனது. குயிலாப்பாளையத்து அம்மா ஞாபகம் வந்தார். எவ்வளவு பெரிய கனவானாலும் அதன் அடியில் யாரோ கொடுத்த நிலம் இருக்கிறது.

வியாழன், மேட்டுக்குப்பம், நெய்வேலி

காலையில் ஆட்டோவில் மேட்டுக்குப்பம். வள்ளலார் கடைசியாகத் தங்கியிருந்த சித்தி வளாகம் சின்ன வீடு. 1873 அக்டோபரில் இங்கே சன்மார்க்கக் கொடியை ஏற்றிவிட்டுத் தெய்வத்தை மட்டும் வைத்துக்கொண்டு எல்லாச் சமயச் சடங்கையும் விட்டுவிடச் சொல்லி நீண்ட உபதேசம் செய்தார். 1874 ஜனவரி 30 இரவு அறைக்குள் போனார், கதவை வெளியே பூட்டச் சொன்னார். பிறகு யாரும் அவரைப் பார்க்கவில்லை. 1878-இல் கலெக்டர் கார்ஸ்டின் எழுதிய தென்னாற்காடு மாவட்டக் கையேட்டிலேயே இது பதிவாகியிருக்கிறது. பூட்டிய அறைமுன் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அதற்குமேல் சொல்ல ஏதுமில்லை.

அங்கிருந்து நெய்வேலி. என் பட்டியலில் இல்லாத ஊர், ஆனால் புகைபோக்கிகள் கண்ணில் பட்டபிறகு விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. மனித வாழ்க்கையை வரைபடத்தில் ஒழுங்குபடுத்தப் பார்த்த இன்னொரு கூட்டம் உண்டு, 1950களின் பொறியாளர்களும் திட்டக்காரர்களும். 1956-இல் நிலக்கரி நிறுவனம் தொடங்கியது. 1957-இல் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். அனல்மின் நிலையம் சோவியத் உதவியில் எழுந்தது. நகரியத்துக்குள் போய்ப் பார்த்தால் அகலமான தெருக்கள், வரிசை மரங்கள், வட்டம் வட்டமாக எண்ணிட்ட குடியிருப்புகள், பள்ளி, மருத்துவமனை. எல்லோருக்கும் வேலையும் வீடும் கிடைக்கும் என்று அந்தக் காலத்தில் நம்பியவர்கள் மனதில் என்ன படம் ஓடியது என்று இந்தத் தெருக்களில் நடந்தால் தெரிகிறது. அழகாகவே இருக்கிறது. வேலியைத் தாண்டினால், நிலம் கொடுத்துவிட்டு வேலை கிடைக்காத கிராமங்கள். 2023 ஜூலையில் சேத்தியாத்தோப்புப் பக்கம் வளையமாதேவியில், பரவனாற்றுக்கு மாற்று வாய்க்கால் வெட்ட, கதிர்விடும் நெல்லுக்குள் இயந்திரத்தை இறக்கினார்கள். வாடிய பயிரைக் கண்டு வாடியவரின் சபை அங்கிருந்து அதிக தூரமில்லை. அந்த நாட்களில் அந்த வரியைச் சொல்லாத ஆளே இல்லை, சொல்லியும் வாய்க்கால் வெட்டப்பட்டது.

இரவு விருத்தாசலத்தில் கன்னியாகுமரி ரயில்.

வெள்ளி, நாகர்கோவில்

மழை. தூங்கினேன்.

சனி, சாமிதோப்பு

நாகர்கோவிலிலிருந்து டவுன் பஸ்ஸில் சாமிதோப்பு. அய்யா வைகுண்டரை வழிபடுபவர்களின் தலைமைப் பதி இங்கேதான். நெற்றியில் வெள்ளை நாமம் இட்டவர்கள் ஒருவரையொருவர் பார்த்தால் "அய்யா உண்டு" என்கிறார்கள்.

முதலில் முத்திரிக் கிணறு. 1830களில் இந்தப் பக்கம் திருவிதாங்கூர் ராஜ்யம். தாழ்த்தி வைக்கப்பட்ட சாதிகளுக்குத் தலைக்கு வரி, பனைக்கு வரி. ஆண்கள் தலைப்பாகை கட்டக் கூடாது. பெண்கள் மார்பை மறைக்கக் கூடாது. பொதுக் கிணறு கிடையாது. அந்த நாளில் முத்துக்குட்டியாக இருந்து அய்யா வைகுண்டர் ஆனவர், எல்லாச் சாதியும் ஒரே கிணற்றில் இறைத்துக் குளிக்க வைத்தார். அரசு பிடித்துக்கொண்டு போய்த் திருவனந்தபுரத்தில் சிறை வைத்தது, பிறகு விட்டது. 1851-இல் மறைந்தார். மேலாடை உரிமைக்கு அரசாணை வந்தது 1859-இல், கோயில் நுழைவு 1936-இல்.

பதிக்குள் போகுமுன் ஒருவர் என்னை நிறுத்தினார். சட்டையைக் கழற்றச் சொன்னார், தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தலையில் கட்டச் சொன்னார். எனக்குக் கட்ட வரவில்லை. "நில்லுங்க மக்கா" என்று அவரே கட்டிவிட்டார். மற்ற கோயில்களில் சாமி முன் தலைத்துணியை எடுப்பார்கள். இங்கே கட்டிக்கொண்டுதான் போக வேண்டும். எதைக் கட்டக் கூடாது என்று ராஜ்யம் சொன்னதோ அதுவே இங்கே வழிபாட்டு விதி. உள்ளே சிலை இல்லை. இரண்டு பக்கமும் விளக்கு, நடுவில் ஒரு கண்ணாடி. அதில் தலைப்பாகையோடு நான், எனக்குப் பின்னால் காத்திருப்பவர்கள்.

கிளம்பும்போது கண்ணாடி பார்க்கும் யோசனையே கிடையாது. ஆனால் போன இடமெல்லாம் ஏதோ ஒரு கண்ணாடி வந்து நின்றது. மலையில் இருந்தது நம்மைப் பார்க்காமல் வானத்தை மட்டும் பார்த்தது. இதில் என் முகம் மட்டும்தான், அதுவும் இரண்டு நாள் தாடியோடு. எனக்குப் பின்னால் வந்த பையன் கண்ணாடியைப் பார்த்துத் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டான். அவன் அப்பா அதட்டவில்லை.

வெளித் திண்ணையில் ஒரு பெரியவரிடம் துவையல் தவசு பற்றிக் கேட்டேன். அவர் பாடமாகச் சொன்னார். 700 குடும்பங்களை வைகுண்டர் கடலோரம் வாகைப்பதிக்கு அனுப்பினார். துணியைத் தினம் பலமுறை துவைப்பது, கடலில் குளிப்பது, பச்சரிசியும் சிறுபயறும் சேர்த்துப் பொங்கி ஒருவேளை உண்பது. இவ்வளவுதான் விதி. கலி அழிந்து தர்மயுகம் வரப்போகிறது, அதில் தாழக் கிடப்பவரைத் தாங்குவதே தர்மம் என்று சொன்னவர், அதற்கு ஆயத்தமாக மக்களிடம் கேட்டது துணி துவைக்கும் வேலை. வெளியிலிருந்து பார்ப்பவருக்குச் சிரிப்பு வரலாம். தண்ணீர் எடுக்கவே உரிமை இல்லாதவர்கள் நாள் முழுக்கத் துவைத்துக் குளித்து நிமிர்ந்து நின்றது என்ன பெரிய காரியம் என்று கிணற்றைப் பார்த்துவிட்டு வந்தால் புரியும். திரும்பி வந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் ஊர் ஊராக நிழல்தாங்கல் வைத்தார்கள். கும்பிட ஓர் இடம், உட்கார்ந்து படிக்க ஓர் இடம், சேர்ந்து சாப்பிட ஓர் இடம்.

மத்தியானம் பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் நன்றாகப் பேசிக்கொண்டு வந்தார். எந்த ஊர், எந்தத் தெரு, அப்பா பெயர் என்று சுற்றிச் சுற்றி வந்து, "தப்பா நினைக்காதீய, நீங்க எந்த ஆளுக?" என்றார். அவர் நெற்றியிலும் நாமம் இருந்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். 180 வருஷம் என்பது அகத்திய விண்மீனின் ஒளிக்குப் பாதி வழிகொஞ்சம் தாண்டிய தூரம்தான்.

நாளை ஞாயிறு. பக்கத்து ஊர் நிழல்தாங்கலில் பணிவிடையும் சாப்பாடும் உண்டாம். திண்ணைப் பெரியவர் வரச் சொல்லியிருக்கிறார். "சும்மா வேடிக்கை பாக்க வராண்டாம். எட்டு மணிக்கு முன்ன வாங்க, காய் வெட்ட ஆள் கம்மி" என்றார். ரயில் சாயங்காலம்தான், போகிறேன்.